தொல்க் அக்காவும் மங்கோலியரும்

பாணுக்குப் பூசும் பட்டருக்கு டெனிஷில் என்ன சொல் என்று தெரியமுதலே முற்றுகைக்கும் கப்பத்துக்கும் தூதுவனுக்கும் சொல் தெரிந்துவைத்திருந்த தமிழ்ப் பெண் டென்மார்க்கில் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். அகதியாக வந்து யூலண்டின் வடக்கே ஒரு முகாமில் இருந்த காலத்தில், பக்கத்து நூலகத்தில் படங்கள் போட்ட தடித்த புத்தகம் ஒன்று அவருக்கு அகப்பட்டது. மங்கோலியர்களின் சரித்திரம். வெளியில் ஓயாத மழை. வேலை இல்லை, போக இடமும் இல்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்திலேயே டெனிஷ் படித்தார். கடையில் பட்டரைக் கையால் சுட்டிக்காட்டி வாங்கிக்கொண்டு வந்து, செங்கிஸ்கான் எந்த ஊர் மதிலை எப்படி உடைத்தான் என்று வாசித்துக்கொண்டிருந்தார். இதைச் சிரிக்காமல் சொல்வார். எதைச் சொன்னாலும் அப்படித்தான்.

டெனிஷில் தொல்க் என்றால் மொழிபெயர்ப்பாளர். பிரெடெரிசியாவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆஸ்பத்திரி, கொமூனே என்கிற நகரசபை, பொலிஸ், பள்ளிக்கூடம் என்று எங்கே ஒரு தமிழருக்கு வாய் கட்டிப்போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தொல்க் அக்கா என்றுதான் வழக்கம். கட்டையான உருவம், கோடையிலும் சாம்பல்நிறக் கோட்டு, தோளில் ஒரு துணிப்பை. கல்யாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று கேட்கிற துணிவு எங்கள் பெண்களுக்கே இருக்கவில்லை என்றால் பாருங்களேன்.

அவரை வெறுத்தார்கள் என்று சொல்லமாட்டேன். பயந்தார்கள். தமிழ்க் கடையில் நாலு பேர் நின்று கதைத்துக்கொண்டிருக்கும்போது அவர் உள்ளே வந்தால் கதை நின்றுவிடும். எந்த வீட்டுக்குப் பொலிஸ் வந்தது, யாருக்கு என்ன வருத்தம், எந்தப் புருசன் எந்தப் பெண்சாதியை விட்டுப் போகிறான் என்பதெல்லாம் அந்தத் தலைக்குள் இருந்தது. அவர் முருங்கைக்காயைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டு, ஒருவரையும் தெரியாதவர் மாதிரிப் போய்விடுவார். ஒரு சொல் வெளியில் வந்ததில்லை. அதற்கும் பயந்தார்கள். வம்பளக்காத மனிசியை எங்கள் சனம் எப்படி நம்புவது?

ஒருமுறை எங்கள் தொழிற்சாலையில் முதுகு போன அண்ணை ஒருவரை யொப்சென்டருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வேலை தேடச் சொல்லும் அலுவலகம் அது. அங்கே இருந்த அதிகாரிப் பெண் கேட்ட கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறாள். அண்ணை எரிச்சலில், "இந்த மூதேவி எப்பதான் எழும்பி வீட்டை போவாளோ?" என்று வாய்க்குள் முணுமுணுத்தார். தொல்க் அக்கா அதை அப்படியே டெனிஷில் சொல்லிவிட்டார். அதிகாரி மூதேவி என்றால் யார் என்று கேட்டாள். செல்வம் தருகிற தெய்வத்தின் மூத்த சகோதரி, வீட்டுக்கு வந்தால் தரித்திரம் வரும் என்று அதையும் விளக்கினார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் நாலு மணிக்குப் போவேன்" என்றாளாம். தொல்க் அக்கா அண்ணையின் பக்கம் திரும்பி, "நான் நாலு மணிக்குப் போவன்" என்று தமிழில் சொன்னார். எப்போதும் அப்படித்தான் சொல்வார். டொக்டர் சொன்னால் டொக்டர் மாதிரி, பொலிஸ் சொன்னால் பொலிஸ் மாதிரி. தன்னுடையதாக ஒன்றும் சொல்லமாட்டார்.

அண்ணை சாகும்வரை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதை ஏன் போய்ச் சொன்னீர்கள் என்று நான் பிறகு ஒருநாள் தொல்க் அக்காவிடம் கேட்டேன்.

"வாய்க்குள்ளை வைச்சிருந்தா அது அவற்ரை. வெளியிலை விட்டா அது என்ரை வேலை" என்றார்.

அவரோடு எனக்குப் பழக்கம் வந்தது றெஜினாவால். றெஜினா என் மனைவி. இப்போது இல்லை. சூலகத்தில் தொடங்கிய புற்றுநோய். ஒன்றரை வருடம் இருந்து, டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை போய்விட்டாள். இதை எழுதும்போது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அப்போதும் ஒன்றும் செய்யவில்லை. உடம்பில் ஊசி போட்டு விறைக்கப்பண்ணிவிட்டு வேலைக்கு அனுப்பிய ஆள் மாதிரித்தான் அந்த ஒன்றரை வருடமும் திரிந்தேன். பிளாஸ்டிக் குழாய் செய்கிற இடத்தில் எனக்கு வேலை. குழாய் வந்துகொண்டிருக்கும், வெட்டி அடுக்கிக்கொண்டிருப்பேன். மேஸ்திரி வந்து வீட்டில் எப்படி என்று கேட்டால் பரவாயில்லை என்பேன்.

எனக்குத் தெரிந்தது அந்தத் தொழிற்சாலை டெனிஷ். சாப்பாட்டறையில் பகிடி விடுவேன். மெஷின் நின்றால் ஏன் நின்றது என்று சொல்வேன். ஆஸ்பத்திரி டெனிஷ் வேறு. மகள் ஓகூஸ் நகரத்தில் படிக்கிறாள், டெனிஷ்காரர் கதைக்கிற மாதிரிக் கதைப்பாள், இங்கே பிறந்தவள்தானே. அவளைக் கூட்டிக்கொண்டு போவோம் என்றேன். றெஜினா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "பிள்ளையின்ரை வாயாலை இதைக் கேக்கமாட்டன்" என்றாள். அதனால் தொல்க் அக்கா வந்தார்.

முதல் நாள், டொக்டரின் அறைக்குப் போகமுதல், நான் அவரை நடைபாதையில் மறித்தேன். றெஜினா உள்ளே கதிரையில் இருந்தாள்.

"அக்கா, கூடாத செய்தி ஏதும் வந்தால் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கோ. எனக்குப் பிறகு தனியச் சொல்லுங்கோ. அவவுக்குக் கட்டி எண்டு மட்டும் சொல்லுங்கோ. எங்கடை ஆக்கள் வருத்தக்காறருக்கு நேரை சொல்லுறேல்லைத்தானே."

"டொக்டர் சொல்லுறதை நான் சொல்லுவன், தம்பி."

"அவள் தாங்கமாட்டாள் அக்கா."

"அது எனக்குத் தெரியாது. உங்களுக்குப் பிடிக்காட்டி வேறை ஆளைக் கேளுங்கோ. எனக்குக் கோவமில்லை."

வேறு ஆள் வர இரண்டு கிழமை செல்லும் என்றார்கள். உள்ளே போனோம். டொக்டர் நடுத்தர வயதுப் பெண், மெல்லிய குரல். தொல்க் அக்கா றெஜினாவுக்குக் கொஞ்சம் பின்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். டொக்டர் ஒரு வசனம் சொல்லி நிறுத்துவார், இவர் அதைத் தமிழில் சொல்வார். "இது புற்றுநோய். சூலகத்தில் தொடங்கி வயிற்றுக்குள் பரவியிருக்கு. என்னால் இதைக் குணமாக்க ஏலாது. மருந்தால் கொஞ்சக் காலம் மறிச்சு வைக்கலாம்." ஒரு சொல் கூட்டவில்லை. ஒரு சொல் குறைக்கவில்லை. குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல்.

வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் நான் கத்தினேன். நீ ஒரு மனிசியா என்றும் கேட்டேன். என்னைவிட வயதில் மூத்தவரை நீ என்று சொன்னது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவர் கோட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டார். முடிந்ததும், "அடுத்த சந்திப்பு வியாழன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் தரிப்புக்கு நடந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

றெஜினா காருக்குள் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அந்த மனிசி ஒராள்தான் என்னை மனிசியா மதிச்சவ" என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள். நல்லாயிருக்கிறியள், முகம் தெளிஞ்சிருக்கு, மடு மாதா கைவிடமாட்டா. நானும் சேர்ந்துதான் சொன்னேன். றெஜினா எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, "எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விசர் வருது. தொல்க் அக்கா சிரிக்கிறேல்லை. அவவோடை இருக்கிறது சுகம்" என்பாள். மருந்து ஏற்றும் நாட்களில் டொக்டரைக் காணக் காத்திருக்கும் நேரம் நீளம். தொல்க் அக்கா எங்களுக்கு ஒரு கதிரை தள்ளி இருப்பார். நோயாளியோடு சிநேகிதம் வைக்கக்கூடாது என்பது அவர்கள் தொழில் வழக்கம். பையில் இருந்து டப்பாவை எடுத்து, கறுப்புப் பாணில் சீனிச்சம்பல் பூசியதைத் தின்பார். பிறகு புத்தகத்தை விரிப்பார். றெஜினாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"என்ன அக்கா வாசிக்கிறியள்?"

"மங்கோலியர்."

"ஐயோ, அவங்கள் கொலைகாறர் எல்லோ?"

"ஓம். சரியான கொலைகாறர்." அதையும் மறைக்கவில்லை. "ஆனா தூதுவனிலை கை வைக்கமாட்டாங்கள். தங்கடை தூதுவனைக் கொன்ற ஊரைத்தான் வேரோடை அழிச்சவங்கள். ரஷ்யாப் பக்கத்து ராசாக்கள் அவங்கடை தூதுவரைக் கொன்றுபோட்டு பட்ட பாடு கொஞ்சமில்லை."

இதைச் சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்குக் காது சுட்டது.

சிநேகிதம் கூடாது என்றாலும் சரித்திரம் கூடாது என்று சட்டம் இல்லை போலிருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு கதை. மங்கோலியர் வருகிறார்கள் என்ற பயத்தில் இந்தக் கடல் பக்கத்து ஊர்க்காரர் ஒரு வருடம் ஹெரிங் மீன் வாங்க இங்கிலாந்துக்குக் கப்பல் விடவில்லையாம். வாங்க ஆளில்லாமல் அங்கே மீன் மலிந்து கிடந்ததாம். "எங்கையோ குதிரையிலை வாறவனுக்குப் பயந்து இங்கிலாந்திலை மீன் மலியுது, பாருங்கோவன்" என்றாள் றெஜினா. மன்னாரில் மீன் தின்று வளர்ந்தவள். அந்தக் கதை அவளுக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது.

தொல்க் அக்காவுக்குப் பிடித்த கதை வேறு. பாப்பரசர் ஒரு வயதான துறவியைக் கடிதத்தோடு பெரிய கானிடம் அனுப்பினார். சனங்களைக் கொல்லாதே, மனம் திரும்பு என்று கேட்டு. துறவி மாதக்கணக்காகக் குதிரையில் போனார். கான் பதில் சொன்னான்: நீ வந்து எனக்குப் பணி. அந்தப் பதிலைத் துறவியின் மொழியில் சொல்லுக்குச் சொல் மாற்றினார்கள். மாற்றியதைத் துறவியைக் கொண்டு திருப்பிச் சொல்லவைத்தார்கள், எங்கேயாவது ஒரு சொல் பிசகியிருக்கிறதா என்று.

"உலகத்தை ஆளுறவன் அவன். விளங்காட்டி என்ன, வெட்டிப்போட்டுப் போகலாம். ஆனா சரியா விளங்கிச்சோ எண்டு இரண்டு தரம் பாத்தவங்கள்" என்றார் தொல்க் அக்கா. அவர் குரலில் நான் மரியாதையைக் கேட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

பிறகு வந்த இன்னொரு துறவி, தன்னோடு வந்த மொழிபெயர்ப்பாளன் சரியில்லை, களைத்துப்போய் வாயில் வந்ததைச் சொன்னான் என்று எழுதிவைத்துவிட்டுப் போனாராம். அதற்கு இவருக்குச் சரியான கோபம். "அந்த மனிசனும் அதே குளிரிலைதானே போனவன். அவனும் பட்டினிதானே. அவனைக் கேட்டவை ஆர்?" என்றார். எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முந்திய ஒருவனுக்காக ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து வாதாடுகிற மனிசியை நான் வேறெங்கும் கண்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை.

இளவேனிலில் மருந்து வேலை செய்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு டொக்டர் நல்ல செய்தி என்றார். வெளியே வந்ததும் றெஜினா தொல்க் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப வருத்தம் போயிட்டுதே அக்கா?"

"சுருங்கியிருக்கு எண்டுதான் டொக்டர் சொன்னவ. போயிட்டுது எண்டு சொல்லேல்லை."

பக்கத்தில் நின்ற எனக்கு அந்த மனிசியைப் பிடித்துத் தள்ளவேண்டும் போல இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு நல்ல சொல்லைச் சும்மா விட்டால் என்ன குறைந்துபோகும்? ஆனால் றெஜினா கையை விடவில்லை. கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போய் இருத்தி, மிச்சக் கதையைச் சொல்லச் சொன்னாள். மங்கோலியர் ஹங்கேரிக்குள் வந்து, டான்யூப் ஆற்றின் இந்தக் கரையில் நிற்கிற இடத்தில் போன கிழமை கதை நின்றிருந்தது.

ஆறு உறைந்திருந்தது. பனி தாங்குமோ தெரியாது. மங்கோலியர் மாடுகளைக் கரையில் விட்டுவிட்டு விலகிப் போனார்கள். அக்கரைச் சனம், போய்விட்டார்கள் என்று நம்பிப் பனியில் நடந்து வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போனது. ஓகோ, தாங்கும் என்று கண்டுகொண்டு படை கடந்தது. வியன்னாவுக்குக் கிட்டவும் ஒரு கூட்டம் போனது. பிறகு இளவேனிலில் ஒருநாள் திரும்பிப் போய்விட்டார்கள்.

"ஏன் போனவங்கள்?"

"பெரிய கான் செத்துப்போனான், அதாலை எண்டு சிலர் சொல்லுகினம். நிலம் சதுப்பாகி குதிரைக்குப் புல் காணாமல் போச்சுது எண்டு வேறை ஆக்கள். கோட்டை சிலதை அவங்களாலை பிடிக்க ஏலாமலும் போச்சுது. வடிவா ஒருத்தருக்கும் தெரியாது."

"திரும்பி வந்தவங்களோ?"

தொல்க் அக்கா கோப்பியைக் கீழே வைத்தார். அவர் பொய் சொல்வார் என்று நான் ஒரு கணம் நம்பினேன்.

"வந்தவங்கள். நாற்பது வருசத்துக்கும் மேலை கழிச்சு."

"அதுக்கிடையிலை அந்தச் சனம் என்ன செய்தது?"

"கல்லாலை கோட்டை கட்டினது. முதல்முறை கனக்க இடத்திலை மண்ணும் மரமும்தானே. அடுத்தமுறை வந்தவங்களாலை பெரிசா ஒண்டும் செய்ய ஏலேல்லை."

அந்தக் கோடையில் றெஜினா தன் கோட்டையைக் கட்டத் தொடங்கினாள். மீன் குழம்பு வைக்க எனக்குப் பழக்கினாள், புளி கூடினால் திட்டினாள். மகளை ஓகூஸில் இருந்து கூப்பிட்டு, முழுவதையும் தன் வாயாலேயே சொன்னாள். மகள் டெனிஷில் அழுதாள், இவள் தமிழில் தேற்றினாள். பிறகு ஒருநாள் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற என்னிடம் வந்தாள்.

"இஞ்சருங்கோ. அடுத்தமுறை கூடாத செய்தி வந்தா நீங்கள் எனக்குச் சொல்லவேணும்."

"தொல்க் அக்கா இருக்கிறாதானே."

"அவவும் மனிசிதானே. அண்டைக்கு நீங்கள் கத்திப்போட்டு வீட்டை வந்தியள். அவ போய் ஆரிலை கத்துறது?"

அப்போதுதான் மற்றதையும் சொன்னாள். நான் கார் எடுக்கப் போன ஒருநாள் தொல்க் அக்கா அவளுக்குச் சொன்னது. டென்மார்க்குக்கு வந்த புதிதில் அகதி விசாரணையில் அவருக்கு இருந்த மொழிபெயர்ப்பாளர், அவசரத்தில் இருந்த ஒரு மனிசன். என் தம்பியை இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போனது என்று இவர் சொன்னார். அந்த மனிசன் டெனிஷில் ஏதோ சின்னதாகச் சொன்னான். அந்தச் சத்தம் இவர் காதில் அப்படியே நின்றுவிட்டது. ஒரு வருடம் கழித்து, அந்தப் புத்தகத்தோடு டெனிஷ் படித்த பிறகு, மனதுக்குள் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். தம்பி வீட்டை விட்டுப் போனார் என்று சொல்லியிருந்தான் அந்த மனிசன். பிழையைப் பிறகு திருத்த முடிந்தது, இவருக்கு இங்கே தங்க அனுமதியும் கிடைத்தது. தம்பி வரவே இல்லை.

"அதுக்குப் பிறகு ஒரு சொல்லையும் மாத்த வாய் வரேல்லையாம்" என்றாள் றெஜினா. "நீங்கள் சொல்லுவியளோ, மாட்டியளோ?"

வெங்காயம் வெட்டின கண்ணோடு, சொல்லுவன் என்றேன். வேறு என்ன சொல்வது? எப்படிச் சொல்லப்போகிறேன் என்று எனக்கு ஒரு யோசனையும் இல்லை. புரட்டாதியில் றெஜினாவின் வயிறு திரும்ப ஊதத் தொடங்கியது. ஒருநாள் பஸ் தரிப்பில் தொல்க் அக்காவைக் கண்டு காரை நிறுத்தினேன். ஏறமாட்டேன் என்றார். நான் இறங்கிப் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, நான்தான் அவளுக்குச் சொல்லவேணுமாம். நீங்கள் எப்பிடிச் சொல்லுறனியள்?"

"கேட்டதைச் சொல்லுறது. வேறை ஒண்டுமில்லை."

"அந்த நேரம் உங்களுக்கு ஒண்டும் செய்யிறேல்லையோ?"

"செய்யும். சொல்லி முடியுமட்டும் நான் அதைப் பாக்கிறேல்லை." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "நான் சொல்லிப்போட்டு வீட்டை போயிடுவன், தம்பி. நீங்கள் சொல்லிப்போட்டு அவவோடை இருக்கவேணும். உங்கடைதான் கஷ்டம்."

கார்த்திகை மாதக் கடைசியில் கூப்பிட்டார்கள். நான் அவரைக் கடைசியாகக் கண்டதும் அன்றுதான். இப்போதெல்லாம் மொழிபெயர்ப்பாளர் சுவரில் மாட்டிய திரையில் வருகிறார். தலையும் தோளும் மட்டும், எந்த ஊரில் இருந்து கதைக்கிறார் என்றும் தெரியாது. தொல்க் அக்கா வேலையை விட்டார் என்கிறார்கள். ஒடென்சேயில் இருக்கிறார் என்கிறார் ஒருவர், கனடாவுக்குப் போய்விட்டார் என்கிறார் இன்னொருவர். எதையும் அவரிடம் கேட்டு உறுதிப்படுத்தாமல் நான் எழுதமாட்டேன். அவருக்குப் பிடிக்காது.

அறையில் அதே டொக்டர். தொல்க் அக்கா அதே மாதிரிக் கதிரையைப் பின்னால் போட்டு இருந்தார். கணவர்தான் சொல்லப்போகிறார் என்று றெஜினா முதலே டொக்டருக்குச் சொல்லச் சொன்னாள். தொல்க் அக்கா அதை மொழிபெயர்த்தார். டொக்டர் என்னைப் பார்த்து, ஆறுதலாக, சின்னச் சின்ன வசனமாகச் சொன்னார். எனக்கு விளங்கியது. எல்லாம் விளங்கியது. ஒரு சொல்கூடத் தப்பவில்லை. தப்பியிருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

றெஜினாவின் பக்கம் திரும்பினேன். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு, பாடசாலைப் பிள்ளை மாதிரி நேராக இருந்தாள்.

"மருந்து இனி வேலை செய்யாதாம். இனி மருந்து தந்தா உனக்கு உபத்திரவம்தான் கூடுமாம். நிப்பாட்டப் போகினமாம். நோவுக்கு மட்டும் தருவினமாம். வீட்டிலை இருக்கலாமாம்."

சொல்லிவிட்டேன். என் குரலும் பஸ் நேரம் சொல்கிற குரலாகத்தான் இருந்தது. பின்னால் இருந்த தொல்க் அக்கா ஒரு சொல்லையும் திருத்தவில்லை. றெஜினா தலையை ஆட்டினாள். பிறகு டொக்டரைப் பார்த்து, "நத்தாருக்கு நான் இருப்பனோ?" என்று கேட்டாள். தொல்க் அக்கா அதை டெனிஷில் கேட்டார். டொக்டர் யன்னலைப் பார்த்தார், றெஜினாவைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக ஒரு வசனம் சொன்னார்.

நான் திரும்பி, "இல்லையாம்" என்றேன்.

பிறகு தொல்க் அக்கா கதிரையை முன்னுக்கு இழுத்தார். அந்த ஒன்றரை வருடத்தில் அவர் றெஜினாவுக்கு முன்னால் வந்து இருந்தது அதுதான் முதல் தடவை.

"தங்கச்சி, அவர் சொன்னது சரியில்லை. டொக்டர் இல்லை எண்டு சொல்லேல்லை. இருப்பியள் எண்டு நான் நினைக்கேல்லை எண்டுதான் சொன்னவ. அதைத்தான் சொன்னவ. வேறை ஒண்டும் சொல்லேல்லை."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குரலிலும் இல்லை. ஆனால் கதிரையைத் திரும்பப் பின்னால் இழுக்கவில்லை. டொக்டர் என்ன நடக்கிறது என்று கேட்டார். தொல்க் அக்கா அவருக்கும் அதைச் சொன்னார். டொக்டர் ஓம், ஓம், அப்படித்தான் சொன்னேன் என்று தலையாட்டினார். றெஜினா தொல்க் அக்காவின் கையைப் பிடித்துத் தடவிவிட்டு, "சரி அக்கா. விளங்குது" என்றாள்.

காரில் ஏறினோம். வெளியே மூன்றரை மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. றெஜினா பெல்ட்டை வயிற்றுக்கு மேலால் மெதுவாக இழுத்துப் போட்டாள்.

"பாத்தியளோ" என்றாள். "படிச்ச டொக்டரே நினைக்கேல்லை எண்டுதான் சொல்லுறா. கட்டின மனிசன் ஒரேயடியா அனுப்பிப்போட்டியள்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வயிறு நோகும் என்று கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் கார்த் திறப்பைப் போட்டேன், திருப்ப முடியவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு வந்த மாதிரி ஒரு அழுகையை அதுவரை நானே கேட்டதில்லை. பக்கத்துக் காரில் ஏறிக்கொண்டிருந்த டெனிஷ் கிழவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

றெஜினா என் முதுகில் கையை வைத்தாள்.

"ஆறுதலா எடுங்கோ. இப்ப என்ன அவசரம்?" என்றாள்.